டை டிசைனுக்கு ஒர்க்ஸ்டேஷன் ப்ராசஸர் வாங்கியே ஆக வேண்டுமா?

கோவை குறிச்சி சிட்கோவில் டை, மோல்டு என்ற அச்சுகளை டிசைன் செய்து கொடுக்கும் சிறு பட்டறை உங்களுடையது. மூன்று பேர் சாலிட்ஒர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில் வேலை செய்கிறார்கள், கணினிகள் பழசாகிவிட்டன. ஒரு விற்பனையாளர் இன்டெல்லின் ஒர்க்ஸ்டேஷன் ப்ராசஸரான ஸியான் டபிள்யூ5-2455எக்ஸ் போட்டு ஒரு மெஷினுக்கு 3.40 லட்சம் கொட்டேஷன் தந்திருக்கிறார். இன்னொரு கடையில் அதே கம்பெனியின் டெஸ்க்டாப் ப்ராசஸரான கோர் ஐ7-14700 போட்டு 1.45 லட்சம். முதலாமவர் உங்களிடம் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். டெஸ்க்டாப் ப்ராசஸர் கேம் விளையாடுகிறவர்களுக்குத்தான், அதை நாள் முழுக்க ஓட்டினால் சீக்கிரம் போய்விடும், டிசைன் மென்பொருள் கம்பெனியே ஒர்க்ஸ்டேஷன் ப்ராசஸருக்குத்தான் சான்று தருகிறது. எது நல்ல ப்ராசஸர் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் படுவது வேறு. கூடுதலாகக் கேட்கும் அந்த 1.95 லட்சம் எதற்குப் போகிறது, அதில் உங்கள் வேலைக்கு உதவுவது எவ்வளவு என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. அதற்கே பதில் சொல்கிறேன்.

கோவையிலும் திருப்பூரிலும் டிசைன் கணினிகளை அமைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் இருபது வருடத்துக்கு மேலாக என் தொழில். பெரும்பாலும் பேட்டர்ன் ஷாப், டை ஷாப், பம்ப் கம்பெனி, பனியன் கம்பெனிகளின் டிசைன் அறை. பெரிய டேட்டா சென்டர் அனுபவம் எனக்கு இல்லை. அதனால் மூன்று பேர், பத்துப் பேர் உட்காரும் டிசைன் அறைக்கு மட்டும் பொருந்துகிற பேச்சாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரருக்கு இதைப் பம்பை வைத்துச் சொல்வதுதான் எளிது. பம்ப் கேடலாக்கில் அதிகபட்ச ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) இவ்வளவு, அதிகபட்ச டிஸ்சார்ஜ் (வரும் தண்ணீரின் அளவு) இவ்வளவு என்று பெரிய எழுத்தில் இரண்டு எண் இருக்கும். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அந்த அதிகபட்ச ஹெட்டில் தண்ணீர் சொட்டுக்கூட வராது. அந்த டிஸ்சார்ஜ், ஹெட்டே இல்லாமல் ஓடவிட்டால் வருவது. உங்கள் கிணற்று ஆழத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதற்கு வளைகோட்டில் டியூட்டி பாயின்ட்டைத்தான் பார்க்க வேண்டும். ப்ராசஸர் பெட்டியும் இப்படித்தான். ஸியான் டபிள்யூ9-3495எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 56 கோர், 4.8 கிகாஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும். கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பிரிவு, கிகாஹெர்ட்ஸ் அதன் வேகம். அந்த 4.8 ஓரிரு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போது எட்டுகிற வேகம். எல்லாக் கோருக்கும் சேர்த்துக் கம்பெனி பொறுப்பேற்கும் அடிப்படை வேகம் 1.9 கிகாஹெர்ட்ஸ். டெஸ்க்டாப் பக்கமும் இதே கதைதான். கோர் ஐ9-13900கே 125 வாட் என்று எழுதியிருக்கும், முழு மூச்சில் ஓடும்போது அது 253 வாட் வரை இழுக்கும் என்பது அதே தாளில் அடுத்த வரியில் இருக்கும். அதில் 24 கோர் என்றால் 8 பெரிய கோர், 16 சிறிய கோர்.

இந்தப் பெரிய எண்களை எவ்வளவு தூரம் இழுப்பார்கள் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் 2018 ஜூனில் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சி. 28 கோர் ப்ராசஸர் ஒன்றை எல்லாக் கோரும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓட இன்டெல் மேடையில் காட்டியது. மேசைக்கு அடியில் தண்ணீரைக் குளிரவைக்கும் 1 ஹெச்.பி. சில்லர் ஓடிக்கொண்டிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. ஓவர்கிளாக் செய்திருந்தோம் (வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டியிருந்தோம்), சொல்ல விட்டுப்போயிற்று என்று கம்பெனியும் ஒப்புக்கொண்டது. அந்த ப்ராசஸர் மறுவருடம் ஸியான் டபிள்யூ-3175எக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், 255 வாட். 1 ஹெச்.பி. என்றால் என்னவென்று கோவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்டெல்லுக்குப் போட்டியான ஏஎம்டியும் இதில் விலக்கல்ல. ‘8 கோர்’ என்று விற்ற புல்டோசர் ப்ராசஸர்களில் உண்மையில் எட்டுக் கோர் இருக்கிறதா என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2019-இல் 1.21 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். அதனால் நான் எந்தக் கம்பெனிக்கும் கட்சி கட்டுவதில்லை.

சரி, ஒர்க்ஸ்டேஷன் ப்ராசஸர் என்று தனியாக ஒரு ஜாதி உண்டா? பாதி உண்டு, பாதி இல்லை. 2013-இல் வந்த ஸியான் இ3-1230 வி3 நினைவிருக்கும் உங்களுக்கு. அது அன்றைய ஐ7-இன் அதே சிலிக்கான்தான், உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸை மட்டும் அடைத்துவிட்டு விற்றார்கள். சாதாரண மதர்போர்டிலேயே உட்கார்ந்தது, ஐ7-ஐவிட விலை குறைவு, நானே நிறையப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 2015-இல் அடுத்த வரிசை வந்தபோது அதைத் தனி சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) உள்ள போர்டில்தான் போட முடியும் என்று இன்டெல் கதவைச் சாத்தியது. சாத்தியது சிப்செட் விதி, சிலிக்கான் அல்ல. இன்னொரு பக்கம், டெல் ப்ரிசிஷன் 3660, ஹெச்பி இசட்2 ஜி9 போன்ற மெஷின்களைப் பாருங்கள். அந்தக் கம்பெனிகளே ஒர்க்ஸ்டேஷன் என்று பெயர் போட்டு விற்றவை. உள்ளே இருப்பது கோர் ஐ5, ஐ7, ஐ9. கேம் விளையாடத்தான் அந்த ப்ராசஸர் என்றால் அவர்கள் ஏன் அதை இன்ஜினியர்களுக்கு விற்கிறார்கள்?

ஆனால் உங்கள் கொட்டேஷனில் இருக்கும் டபிள்யூ5-2455எக்ஸ் அப்படிப் பெயர் மட்டும் மாறிய சரக்கு இல்லை. அது உட்காரும் போர்டு, மெமரிப் பாதை எல்லாமே வேறு. ஐ7-14700 மெமரியோடு இரண்டு சேனலில், அதாவது இரண்டு பாதையில், பேசுகிறது, டிடிஆர்5-5600 போட்டால் நொடிக்கு 89.6 ஜிகாபைட். அந்த ஸியான் நான்கு சேனல், டிடிஆர்5-4800-இல் 153.6 ஜிகாபைட். ஐ7-இல் ப்ராசஸரிலிருந்து வரும் பிசிஐ லேன் (கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க் போன்றவற்றுக்கான பாதை) 20, ஸியானில் 64. ஐ7-இல் 192 ஜிபி ரேம் வரை, ஸியானில் அதைப்போலப் பல மடங்கு. நாலு கிராஃபிக்ஸ் கார்டு செருக வேண்டும், 512 ஜிபி ரேம் வேண்டும் என்கிறவருக்கு ஐ7-ஐக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு இந்த அகலமான பாதைக்குத்தான் போகிறது. அந்தப் பாதையில் ஓட உங்களிடம் வண்டி இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

உங்கள் டியூட்டி பாயின்ட் ரீபில்ட், அதாவது மாற்றிய மாடலை மென்பொருள் மறுபடி கணக்கிடுவது. சாலிட்ஒர்க்ஸில் ஒரு அளவை மாற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் டிசைனருக்கு அன்றாடத் தொல்லை. மாடலைக் கட்டிய படிகளின் பட்டியலான ஃபீச்சர் ட்ரீ மேலிருந்து கீழே வரிசையாகக் கணக்காகிறது. முதல் எக்ஸ்ட்ரூட் முடியாமல் அதன்மேல் ஃபில்லெட் போட முடியாது, ஃபில்லெட் முடியாமல் ஷெல் எடுக்க முடியாது. வார்ப்பட வேலை தெரிந்தவருக்கு இது சட்டென்று புரியும். மோல்டு கட்ட ஆள் சேர்த்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ஊற்றிய காஸ்டிங் ஆறுவதற்கு நாலு மணி நேரம் என்றால் சுற்றி இருபது பேர் நின்றாலும் நாலு மணி நேரம்தான். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இல் கணினிக்குச் சொன்ன கணக்கும் இதுவே. பிரித்துக் கொடுக்க முடியாத பங்கு எவ்வளவோ, அதற்குக் கீழே மொத்த நேரம் இறங்காது. 60 நொடி ரீபில்ட்டில் 15 நொடியைத்தான் பிரிக்க முடியும் என்றால், நூறு கோர் போட்டாலும் 45 நொடி அப்படியே நிற்கும்.

இதை நான் பணம் இழந்துதான் கற்றேன். 2017-இல் கோவை கணபதியில் ஒரு பேட்டர்ன் ஷாப்புக்கு ஸியான் இ5-2650 வி4 இரண்டு போட்டு, ஆக 24 கோர், ஒரு மெஷின் அமைத்துக் கொடுத்தேன். முன்னால் அங்கே இருந்தது ஐ7-4790, வெறும் நாலு கோர். பம்ப் கேசிங் கோர்பாக்ஸ் ஒன்றின் ஃபைலைத் திறந்து ஒரு ரேடியஸை மாற்றி ரீபில்ட் அடித்தோம். பழையதில் 40 நொடி. புதியதில் 55. அந்த முதலாளி கோபப்படவில்லை. ஸ்க்ரீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, பழசே தேவலைங்களா?” என்று கேட்டார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கோருக்கு இரண்டு வீதம் காட்டும் 48 சின்னக் கட்டங்களில் ஒன்று மட்டும் உச்சியில் நிற்க, மற்றவை தரையோடு படுத்திருந்தன. மொத்தத்தில் 2 சதவீதம். காரணம் எளிது. பழையது ஒற்றைக் கோரில் 4.0 கிகாஹெர்ட்ஸ் போகும், புதியது 2.9-ஐத் தாண்டாது. அந்த மெஷினை நான் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு கொடுத்தேன். அன்றிலிருந்து வாடிக்கையாளரின் ஃபைலை ஓட்டிப் பார்க்காமல் கொட்டேஷன் எழுதுவதில்லை.

அதே கணக்கை உங்கள் இரண்டு கொட்டேஷனுக்கும் போடுங்கள். டபிள்யூ5-2455எக்ஸ் 12 கோர், அதிகபட்சம் 4.6 கிகாஹெர்ட்ஸ். ஐ7-14700, 8 பெரிய கோரும் 12 சிறிய கோரும், அதிகபட்சம் 5.4. பெரிய கோரின் வடிவமைப்பு இரண்டிலும் நெருங்கிய உறவு. ஆக ரீபில்டில் விலை குறைந்த மெஷின்தான் முந்தும் என்று தயங்காமல் சொல்வேன். எத்தனை நொடி முந்தும் என்பதை உங்கள் ஃபைலை ஓட்டாமல் சொல்ல மாட்டேன். வெட்டும் கருவி போகும் வழியைப் போடும் டூல்பாத் கணக்கு ஒன்றுபோல இருக்காது. சில வகைகள் பல கோர்களைப் பயன்படுத்தும், சில ஒன்றிலேயே நிற்கும். ஃபோட்டோ மாதிரிப் படம் உருவாக்கும் ரெண்டரிங் எல்லாக் கோரையும் தின்னும், ஆனால் டை ஷாப்பில் யார் தினமும் ரெண்டர் செய்கிறார்கள்?

சான்று விஷயத்துக்கு வருகிறேன். அந்த விற்பனையாளர் சொன்னதில் முழுக்கத் தவறானது இதுதான். சாலிட்ஒர்க்ஸ் சான்று தருவது கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதன் டிரைவருக்கும், பிராண்டட் மெஷின்களில் முழு மாடலுக்கும். தனியாக ஒரு ப்ராசஸருக்கு அல்ல. அந்தப் பட்டியல் அவர்களின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதைப் பார்த்துச் சான்று உள்ள கார்டை வாங்குங்கள், அதில் மட்டும் கை வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். கேம் கார்டு போட்ட இடங்களில் எட்ஜ் கோடுகள் காணாமல் போவதும் செலக்ட் செய்யும்போது திணறுவதும் நான் பலமுறை பார்த்த தொல்லை.

நாள் முழுக்க ஓட்டினால் போய்விடும் என்பதில்தான் உண்மையும் பொய்யும் கலந்து கிடக்கிறது. என் மேசைக்கு வந்த பழுதுகளில் பவர் சப்ளை, ஃபேன், டிஸ்க், மதர்போர்டு என்று அடுக்கினால் ப்ராசஸர் கடைசியில்தான் வரும், டெஸ்க்டாப் ஆனாலும் ஸியான் ஆனாலும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேட்டர்ன் அறையிலிருந்து, ப்ராசஸர் போச்சு, ஸியான்தான் போடணுமாம் என்று ஒரு மெஷின் வந்தது. பக்கத்துக் கூடத்திலேயே நிட்டிங் ஓடுகிற இடம். ஃபேனைக் கழற்றினேன். அதற்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு அடைந்து, சதுரமாகக் கம்பளித் துண்டு மாதிரி ஒரே வில்லையாகப் பெயர்ந்து வந்தது. விரலால் தட்டினால் கிழியவில்லை, அவ்வளவு இறுகியிருந்தது. தகடுகளுக்குள் காற்றே போயிருக்காது. எடுத்துவிட்டு பேஸ்ட் மாற்றிப் போட்டதும் 100 டிகிரியில் நின்ற சூடு 62-க்கு வந்தது. அந்த அறைக்கு எந்த ப்ராசஸர் போட்டிருந்தாலும் அதே கதிதான். உங்கள் சிட்கோவில் பஞ்சு இல்லை, கிரைண்டிங் தூசியும் கூலன்ட் எண்ணெய்ப் புகையும் உண்டு. எண்ணெயோடு சேர்ந்த தூசி பஞ்சைவிட மோசம், கரண்ட் கடத்தும்.

அதேநேரம் டெஸ்க்டாப் பக்கம் நடந்த ஒரு பெரிய தவறை மறைக்கக் கூடாது. அது உங்கள் கொட்டேஷனையே தொடுகிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வகை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, நாளடைவில் தேய்ந்து, மெஷின் காரணமில்லாமல் நின்றுபோகும் பிரச்சினை 2024-இல் உறுதியானது. அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தங்கள் வந்தன. பெட்டியாக விற்ற ப்ராசஸர்களுக்கு வாரண்டியை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக நீட்டினார்கள். ஐ7-14700-ம் அந்தப் பட்டியலில் உண்டு. திருத்தம் போர்டில் உள்ள பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அப்டேட் வழியாக வருவது, ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது. அதனால் அந்த மெஷினை வாங்கினால் சீல் உடையாத புதுப் பெட்டியாக வாங்குங்கள், முதல் நாளே பயாஸ் அப்டேட் செய்த பிறகு விண்டோஸ் போடச் சொல்லுங்கள், வாரண்டியை பில்லில் எழுதி வாங்குங்கள். இதில் மனசு ஒப்பவில்லை என்றால் அதே விலைக்கு ஏஎம்டியின் ரைசன் 9-இல் ஒன்றைப் பாருங்கள், உங்கள் வேலைக்கு அதுவும் சரியாக வரும்.

பிழை திருத்தும் ரேமான ஈசிசி மெமரி பற்றியும் சொல்லியிருப்பார்கள். இது பொய்யான விஷயம் இல்லை, நான் மதிக்கிற விஷயம். ரேமில் ஒரு பிட் தானாகப் புரண்டால் அதைத் திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். 2009-இல் கூகுள் தன் சர்வர்களைப் பார்த்துச் சொன்ன ஆய்வில், ஒரு வருடத்தில் நூறு ரேம் பலகைகளில் எட்டுக்கு மேல் பிழை காட்டின. ஒருமுறை காட்டிய பலகையே மறுபடியும் காட்டும் வாய்ப்பு அதிகம் என்றும் தெரிந்தது. ஆனால் ஈசிசி வேண்டும் என்பதற்காக ஸியானுக்குப் போக வேண்டியதில்லை. 12-ஆம் தலைமுறையிலிருந்து கோர் ஐ5, ஐ7, ஐ9 ப்ராசஸர்களில் பலவும் டபிள்யூ680 சிப்செட் போர்டில் ஈசிசியை ஏற்கும். ‘டிடிஆர்5 என்றாலே ஈசிசிதான்’ என்று சிலர் கவுண்டரில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அது ரேம் சில்லுக்குள்ளேயே நடக்கும் திருத்தம். சில்லிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியை அது காக்காது, பிழை நடந்ததை உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. உங்கள் பட்டறையில் ஈசிசிக்கு முதல் உரிமை டிசைனர் மேசைக்கு அல்ல, எல்லா டிராயிங்கும் சேர்ந்து கிடக்கும் அந்த ஒரு சர்வருக்கு.

இன்னொரு ஆசையும் வரும், அதனால் சொல்லிவிடுகிறேன். ஐம்பதாயிரத்துக்குள் 28 கோர் ஒர்க்ஸ்டேஷன் என்று பழைய மெஷின்கள் விற்கின்றன. உள்ளே 2016-இல் வந்த இ5-2680 வி4 இரண்டு இருக்கும், 3.3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் அது இல்லை, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. நான் கணபதியில் செய்த அதே தவறைக் குறைந்த விலையில் செய்வதாகிவிடும்.

விலை கூடிய மெஷின் யாருக்கு? காஸ்டிங் சிமுலேஷன் ஓட்டி உலோகம் எங்கே முதலில் உறைகிறது, எங்கே ஓட்டை விழும் என்று பார்க்கிற ஃபவுண்டரிக்கு, இம்பெல்லருக்குள் தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிடும் பம்ப் கம்பெனிக்கு. அந்த வேலை லட்சக்கணக்கான சிறு துண்டுகளை மெமரியிலிருந்து இழுத்து இழுத்துக் கணக்குப் போடுவது. அங்கே சேனல்தான் ராஜா, இரவு முழுக்க ஓடும்போது ஈசிசியும் வேண்டும். அதிலும் கோருக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் வாங்கும் மென்பொருள்கள் உண்டு. முதலில் உரிமம் எத்தனை கோருக்கு என்று பார்த்துவிட்டு மெஷினை முடிவு செய்ய வேண்டும். இந்த மாதிரி இடங்கள் நான் கையால் தொட்டவை குறைவு, இரண்டே இரண்டு. ஆகவே அங்கே எந்த மாடல் என்று என்னைவிட அந்த மென்பொருள்காரரைக் கேட்பது மேல்.

அந்த 3.40 லட்சத்தில் மூன்று வருடம் ஆள் வந்து பார்க்கும் சர்வீஸ் அடங்கியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. டை டெலிவரி நேரத்தில் ஒரு டிசைனர் மூன்று நாள் சும்மா உட்கார்ந்தால் என்ன நஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அதே சர்வீஸ் ஐ7 போட்ட பிராண்டட் ஒர்க்ஸ்டேஷனிலும் கிடைக்கும். அந்த மூன்றாவது கொட்டேஷனையும் வாங்குங்கள்.

நானாக இருந்தால் ஐ7 வகை மெஷின், 64 ஜிபி ரேம் இரண்டே பலகையாக, நல்ல என்விஎம்இ டிஸ்க், சான்று உள்ள கார்டு என்று போவேன். இரண்டு பலகை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உதாரணமாக ரைசன் 7000-இல் இரண்டு பலகை போட்டால் அதிகாரப்பூர்வ ரேம் வேகம் 5200, நாலும் நிரப்பினால் 3600-க்கு இறங்கிவிடும். மிச்சப் பணத்தில் மூன்று மெஷினுக்கும் நல்ல யூபிஎஸ், சர்வருக்கு ஈசிசி, டிசைன் அறைக்கும் ஷாப் ஃப்ளோருக்கும் நடுவே மூடிய கதவு ஒன்று.

பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே கனமான அசெம்பிளியைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு இரண்டு கடைக்கும் போங்கள். பெர்ஃபார்மன்ஸ் எவால்யுவேஷன் என்ற கட்டளை ஒவ்வொரு ஃபீச்சருக்கும் எத்தனை நொடி என்று காட்டும். கன்ட்ரோல்-க்யூ அடித்து முழு ரீபில்ட் மூன்று முறை ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். டாஸ்க் மேனேஜரில் எத்தனை கட்டம் எழும்புகிறது, எவ்வளவு ரேம் நிரம்புகிறது என்று பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுக்கிற கடையின் கொட்டேஷனை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். இரண்டு மெஷினின் நேரத்தையும் இங்கே எழுதுங்கள், மாடல் எண்ணோடு. பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.